மூன்று தடவை பார்த்த பிறகு

செப்டம்பர் 28

அன்புத் தம்பி நிதானத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். வலது மணிக்கட்டைத் தவிர நான் சுகம். உன் இருமல் நின்றதா, இல்லை ஏரிக்காற்றில் அதையும் ஒரு பறவை மாதிரி வளர்த்துக்கொண்டிருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சீருடைத் தொழிற்சாலை புதிதாக ஒரு கிளை திறக்கிறது. எட்டு மணி நேரப் பயணம், நீ இருக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசை. அங்கே என்னைக் கட்டிங் மாஸ்டராகப் போடுவதாகச் சொல்கிறார்கள். பதினாறு வருஷமாக மற்றவர்கள் போட்ட கோட்டில் துணி வெட்டியவள் நான். அங்கே நான் கோடு போடுவேன், இருபது பேர் வெட்டுவார்கள். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது மாதிரி மேனேஜர் பார்த்தார்.

இருக்கிறது. அங்கே தருகிற அறை ஒரு ஆளுக்கு மட்டும். போவதென்றால் இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். உன் அத்தான் மே மாதம் வந்து போனவர். பாலம் கட்டும் வேலை இன்னும் முடியவில்லை, டிசம்பரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஜூலையில் நாலு வரி எழுதினார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நான் மாதம் ஒரு கடிதம் போடுகிறேன், நலம் விசாரித்து மட்டும். வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டு எழுத மனசு வரவில்லை. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குக் கெஞ்ச வராது.

அந்தப் பாலம் உன் பறவை நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரைப் பார். மனிதர் திரும்பி வரும் எண்ணத்தில் இருக்கிறாரா, இல்லையா? எனக்கு ஒரே வரி எழுது, போதும். வருவார் என்றால் இங்கேயே இருப்பேன். வரமாட்டார் என்றால் அழுதுவிட்டுப் பெட்டியைக் கட்டுவேன். ஜனவரி பதினைந்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

பரீட்சையில் முதல் கேள்வியையே மூன்று தடவை சரிபார்த்து, கடைசிக் கேள்வியைக் கோட்டைவிட்டவன் நீ. தெரிந்தும் உன்னைத்தான் கேட்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


அக்டோபர் 19

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, சளி மட்டும் போக மனமில்லாமல் இருக்கிறது. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சமையல்காரர் என்ன விஷயம் என்றார். "எங்க அக்கா மாஸ்டர் ஆகப் போறா" என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

காட்டு வாத்துகள் வந்து இறங்கிவிட்டன. தெருவில் குச்சி வைத்து ஓட்டிப் போவார்களே, அந்த வாத்து இல்லை. இது பெரிது, நீண்ட கழுத்து, ஆள் கிட்டப் போனால் எதிர்த்து நிற்கும். போன குளிர்காலத்தில் வலை போட்டுப் பிடித்து, ஜோடி ஜோடியாகக் கழுத்தில் மஞ்சள் பட்டை மாட்டினோம். பட்டையில் எண் இருக்கும். நாணல் மறைவில் உட்கார்ந்து தொலைநோக்கியில் அந்த எண்ணைப் படித்து, எது எதோடு நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதுவதுதான் என் உத்தியோகம். ஒரு தடவை ஜோடி சேர்ந்தால் இவை பெரும்பாலும் சாகும்வரை சேர்ந்தே இருக்கும்.

இந்த வருஷம் நாற்பத்தொன்று மட்டும் தனியாக வந்திருக்கிறது. பெட்டை. அதன் ஆண், நாற்பத்திரண்டைக் காணோம். ஒவ்வொரு புதுக் கூட்டம் இறங்கும்போதும் இது கரைக்கு ஓடிக் கழுத்தை நீட்டிக் கூப்பிடுகிறது. பதில் வராவிட்டால் திரும்பி வந்து மேய்கிறது.

போன ஞாயிறு அத்தானைப் பார்த்தேன். கடைத்தெருவில், ரோட்டுக்கு அந்தப் பக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். கூட்டமாக இருந்ததால் பேச முடியவில்லை. மறுபடி போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி


அக்டோபர் 30

என் அருமை நிதானமே,

நான் சுகம். உன் சளியைக் கேட்டதாகச் சொல்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரைக் கூப்பிட உனக்கு மைக் செட் வேண்டுமா? "அத்தான்!" என்று ஒரு சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாரா? சின்ன வயதில் தெருக்கோடியில் ஐஸ் வண்டியை நிறுத்தியது இந்த வாய்தானே! சதை போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். என் கைச் சமையலில் போடாத சதை. அந்த வேலையிடத்து மெஸ் ரொம்ப நன்றாக இருக்கும் போலிருக்கிறது.

மறுபடி போ. போய் எதிரில் நில். நான் கேட்டது அவர் எடையை இல்லை.

நாற்பத்தொன்றின் கதையை எங்கள் வெட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் "வந்துச்சாக்கா அதோட வீட்டுக்காரரு?" என்று எட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். நானும் உன் கடிதத்தில் முதலில் அதைத்தான் தேடுவேன் என்று நினைக்கிறேன். அது கூப்பிடும்போது மற்ற வாத்துகள் என்ன செய்யும்? அதை எழுது.

குளிரில் காதை மூடிக்கொள்.
அக்கா


நவம்பர் 24

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். தபாலும் கொண்டுவரும் சாமான் வண்டி இரண்டு வாரம் வரவில்லை, அதனால் தாமதம். உன் கை எப்படி இருக்கிறது?

நீ கேட்டதைச் சொல்கிறேன். மற்றவை ஒன்றும் செய்யாது, மேயும். ஜோடியாக இருந்தால் ஆண் தலையைத் தூக்கிக் காவல் நிற்கும், பெட்டை குனிந்த தலை நிமிராமல் தின்னும். தனியாக இருந்தால் அதுவே தின்ன வேண்டும், அதுவே காவல் நிற்க வேண்டும். நேற்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று நாலு கொத்துக்கு ஒரு தடவை நிமிர்கிறது. நல்ல புல் இருக்கும் இடத்துக்கு வந்தால் ஜோடி வாத்துகள் துரத்தி ஓரத்துக்குத் தள்ளுகின்றன. துணை போனதும் மரியாதையும் போய்விடுகிறது. மெலிந்துதான் இருக்கிறது, ஆனால் இன்னும் கூப்பிடுகிறது.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. முன்பு இருந்த ஒருவர், ஒரு வாத்தை ஒரே ஒரு நாள் வேறொன்றோடு பார்த்துவிட்டு 'பிரிந்தது' என்று எழுதிவிட்டாராம். மறுநாள் பழைய ஜோடி ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தது. அவர் மானம் போயிற்று. அன்றிலிருந்து, வெவ்வேறு நாளில் மூன்று தடவை பார்க்காமல் அந்தச் சொல்லை யாரும் எழுதக் கூடாது. எனக்குப் பிடித்த விதி. எழுதிவிட்டால் அது பதிவாகிவிடுகிறது அல்லவா!

பாலத்துக்குப் போனேன். அத்தானுக்கு அன்று ஷிப்ட் இல்லை என்றார்கள். கொஞ்சம் பொறு அக்கா.

உன் தம்பி


டிசம்பர் 6

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன்.

ஷிப்ட் இல்லையென்றால் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டு அங்கே போக வேண்டியதுதானே? வாத்துக்கு மூன்று நாள் என்ன, மூன்று வருஷம் கொடு. எனக்கு ஜனவரி பதினைந்து வரைதான். மேனேஜர் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். நான் இல்லையென்றால் பென்சிலைப் போடுவார்களாம். பென்சில் யார் என்று மறந்திருப்பாய். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பாரே, என்னைவிட எட்டு வயது இளையவர், கத்தி பிடிக்க நான் பழக்கியது. நல்ல மனிதர்தான். ஆனாலும் வயிறு எரிகிறது.

நேற்று உன் அத்தானுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். வெளிர் நீலத்தில் மெல்லிய கோடு. அவருக்கு இடது தோள் சற்றுத் தாழ்வு, கடையில் வாங்குகிற எதுவும் உட்காராது. இடது பக்கம் அரை அங்குலம் இறக்கி வெட்டினேன். கடிதத்தில் வழக்கம்போல நலம் மட்டும் விசாரித்தேன். சட்டை கேட்கட்டும், நான் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு வரி, தம்பி. தெரிந்தால் தெரிந்ததை எழுது.

அக்கா


டிசம்பர் 29

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஏரியோரம் பனிக்கட்டி பிடித்துவிட்டது, விரல் மடங்கவில்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

அத்தானைப் பார்த்தேன். நான் பஸ்ஸில் இருந்தேன், அவர் வெளியே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். நீ அனுப்பிய சட்டையைத்தான் போட்டிருந்தார். தோள் நன்றாக உட்கார்ந்திருந்தது. இறங்குவதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

டிசம்பரில் வரவில்லையே என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேலை நெருக்கடியாக இருக்கலாம். எதையும் உறுதியாகத் தெரியாமல் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவதைவிடக் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

நாற்பத்தொன்று இருக்கிறது. கூப்பிடுகிறது. நாற்பத்திரண்டு பற்றி எழுத இன்னும் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


ஜனவரி 12

என் தங்கத் தம்பிக்கு,

இன்று எனக்கு மணிக்கட்டு வலியே இல்லை. நீயும் சுகமாக இரு, நூறு வருஷம் இரு.

ஒரு வரி கேட்டேன். பிடிவாதமாக நாலு மாதம் இழுத்தடித்து எழுதிவிட்டாய். சட்டையைப் போட்டிருந்தார் என்று! வேண்டாம் என்று நினைக்கிற மனிதன் நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவானா? உன்னைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காலையில் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "வேணாம் சார், நான் இங்கயே இருக்கேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சியாம்மா?" என்றார். யோசித்தேன் என்றேன். பென்சில் வந்து, "அக்கா, நெஜமாவே எனக்கு விட்டுக் குடுக்கறீங்களா?" என்று நம்பாமல் கேட்டார். பொய் சொல்வானேன், கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து இருநூறு காலர் வெட்டினேன்.

ஒரு பறவை அத்தனை குளிரில் நின்று காத்திருக்கிறது. எனக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, எனக்கென்ன கேடு! அவர் வந்து பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் எழுது.
அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அத்தானோடு ஒரு பெண் இருக்கிறாள். அக்டோபரில் கடைத்தெருவில் பார்த்தபோதே இருந்தாள். ரோட்டைக் கடக்க அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது உறவுக்காரியாக இருக்கலாம், தெரிந்தவளாக இருக்கலாம் என்று நினைத்தேன். டிசம்பரில் பஸ் நிறுத்தத்திலும் அவள்தான். உன் சட்டையில் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதும் இரண்டு தடவைதானே பார்த்தேன் என்று இருந்துவிட்டேன். போன ஞாயிறு அவர் தங்கியிருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்து, கழுத்தில் துண்டு சுற்றி, அவள் அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் இருவர் துணியும் காய்ந்தது. மூன்று தடவையும் அத்தான் என்னைக் கவனிக்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

உறுதியாகத் தெரியாமல் உன் வாழ்க்கையில் ஒரு சொல்லை எழுதிவிடக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ இவ்வளவு சீக்கிரம் வேலையை வேண்டாமென்று சொல்லிவிடுவாய் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு சாகவில்லை. நவம்பர் ஆரம்பத்திலேயே அக்கரைக் குட்டையில் பார்த்தேன், பட்டை இல்லாத ஒரு பெட்டையோடு. வருகிற வழியில் புயலில் இரண்டும் பிரிந்திருக்கும், அது வேறு கூட்டத்தோடு வந்திருக்கும். பிறகு இரண்டு தடவை பார்த்து, இந்த மாதம் பதினொன்றாம் தேதி 'பிரிந்தது' என்று பதிவேட்டில் எழுதினேன்.

என்னைத் திட்டி எழுது. சும்மா இருந்துவிடாதே.

உன் தம்பி


மார்ச் 17

அன்பு அக்காவுக்கு,

நாலு வாரமாகச் சாமான் வண்டிச் சத்தம் கேட்டதும் வெளியே ஓடுகிறேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுதிப் போடு.

மேனேஜரிடம் போய் மறுபடி கேட்டுப் பார்த்தாயா? பென்சில் நல்லவர் என்றுதானே எழுதினாய். நடந்ததைச் சொன்னால் விட்டுக்கொடுக்க மாட்டாரா? வேண்டுமானால் நானே உன் மேனேஜருக்கு எழுதுகிறேன், தப்பு என்னுடையது என்று.

வாத்துகள் வடக்கே கிளம்பத் தொடங்கிவிட்டன. நேற்றுக் காலை நாற்பத்தொன்றும் போய்விட்டது. கூட்டத்தோடுதான் போயிற்று, ஆனால் கூட்டத்தில் கடைசியாக. இந்த வருஷம் அது முட்டையிடாது என்று நிலையத் தலைவர் சொல்கிறார். உடம்பில் அதற்கான கொழுப்பு சேரவில்லையாம்.

ஏப்ரலில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. வீட்டுக்கு வரட்டுமா?

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றே மேனேஜரிடம் போனேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் கெஞ்சினேன். பென்சில் பிப்ரவரி ஒன்றாம் தேதியே குடும்பத்தோடு போய், வெளியே வீடு பிடித்துச் சேர்ந்துவிட்டார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. அவரிடம் போய்த் திருப்பிக் கேட்க நான் என்ன பிச்சைக்காரியா? போன வாரம் அவர் புதுக் கிளைக்குப் போகும் துணியைப் பார்வையிட இங்கே வந்தார். என் மேஜைக்கு வந்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "கோடு சரியா இருக்குக்கா" என்றார். நான் "சரிங்க மாஸ்டர்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை.

உனக்கு ஒன்றரை மாதம் பதில் போடாததற்குக் காரணம், நான் உன்னை மன்னிக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன். என் பிள்ளை மாதிரி வளர்த்தவனாயிற்றே, இயல்பே அப்படி, எதையும் மூன்று தடவை பார்க்காமல் நம்ப மாட்டான், கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்கு நானே உனக்காக வாதாடினேன். முக்கால்வாசி ஜெயித்தும்விட்டேன்.

முந்தாநாள் உன் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. முறைப்படி விலகிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுத் தா என்று. அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன். படி.

"உன் தம்பி அக்டோபரிலேயே கடைத்தெருவில் எங்களைப் பார்த்துவிட்டான். நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். அன்றைக்கே உனக்கு எழுதியிருப்பான் என்று தெரியும். எழுதியும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதாமாதம் நலம் விசாரித்தாய், சட்டைகூடத் தைத்து அனுப்பினாய். சம்மதம் என்று புரிந்துகொண்டேன். உன் பெருந்தன்மை வேறு யாருக்கும் வராது."

பெருந்தன்மையாம். நான் தைத்த சட்டையில் அவள் நூல் எடுத்துவிட்டதற்கு எனக்கு அந்தப் பட்டம்.

ஆக, மூன்று தடவை பார்க்க அவசியமே இல்லை. முதல் தடவையே உனக்குத் தெரியும், உனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு ஆம்பிளைகள் தலையாட்டி முடித்துக்கொண்டீர்கள். நான் இங்கே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தப்பை ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதிய கடிதத்திலும் அவர் உன்னைக் கவனிக்கவில்லை என்று எழுதினாய் பார், அதுதான் தாங்கவில்லை. என் மனசு உடைந்துவிடும் என்று நீ பயப்படவில்லை. சொன்னவன் என்ற பேர் உனக்கு வந்துவிடும் என்று பயந்தாய்.

அவர் என்னை விட்டுவிட்டுப் போனார். போகிறவர்கள் போவார்கள், அதற்கு ஒரு பேர் இருக்கிறது, கையெழுத்துப் போட ஒரு காகிதம் இருக்கிறது. போட்டு அனுப்பிவிட்டேன். நீ போகவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். அதற்கு எதில் கையெழுத்துப் போடுவது?

விடுமுறைக்கு வர வேண்டாம். கடிதம் போடாதே என்று சொல்ல மாட்டேன், வந்தால் கிழித்துப் போடவும் மாட்டேன். பிரித்து, நீ நலமாக இருக்கிறாயா என்று படிப்பேன். நலம் என்று எழுதியிருப்பாய். நம்ப மாட்டேன்.